இடைநடுவில் நின்றுபோகும் படிப்பு: தாய்மார் அறிய வேண்டியவை



ஒவ்வொரு வகுப்பாசிரியரின் கையிலும் ஒரு வரவு இடாப்பு இருக்கும். ஆறாம் வகுப்பு இடாப்பில் எழுதப்பட்ட பெயர்களை அதே பிள்ளைகளின் பதினோராம் வகுப்பு இடாப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால் சில பெயர்கள் குறைந்திருக்கும். அவற்றுட் சில வேறு பாடசாலைக்கு மாறிச் சென்றவை. மற்றவை எங்கும் மாறிச் செல்லவில்லை. அந்தப் பெயர்களுக்குரிய பிள்ளைகள் நமது ஊரிலேயேதான் இருக்கிறார்கள். ஒருவன் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கிறான். ஒருவன் முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் நின்று கொண்டிருக்கிறான். ஒருத்தி வீட்டில் தம்பி தங்கைகளுக்குச் சோறு ஊட்டுகிறாள்.

"ஏன் படிப்பை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் பெற்றோரிடமிருந்து வரும் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். "மகனுக்குப் படிப்பு ஏறுதில்ல மௌலவி." "வீட்டுக் கஷ்டம்." "மகள் பெரிய பிள்ளையாயிட்டா, இனி என்னத்துக்கு?" இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் இவை கடைசி நாளில் சொல்லப்படும் காரணங்கள். பிள்ளை பாடசாலையை விட்டு விலகுவது ஒரே நாளில் நடப்பதில்லை. அது மூன்று, நான்கு வருடங்களாகச் சிறுகச் சிறுக நடக்கிறது. அதனை முதலில் காணக் கூடியவர் ஆசிரியரும் அல்லர், அதிபரும் அல்லர். வீட்டில் இருக்கும் தாய்தான். இக்கட்டுரை தாய்மார்களாகிய உங்களை நோக்கி எழுதப்படுவதும் அதனாலேயே.

சலுகைகள் இருந்தும் ஏன்?

நமது நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி வழங்கப்படுகிறது. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைத்து வருகின்றன. 1998இல் 5 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வது கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அந்த எல்லை 16 வயது வரை உயர்த்தப்பட்டது. 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதையும் 14இலிருந்து 16 ஆக்கியது. ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது சட்டப்படியும் குற்றமான காரியம்.

இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். ஏனெனில் இலவசக் கல்வியிலும் செலவு உண்டு. கொப்பி, சப்பாத்து, பஸ் கட்டணம், வசதிக் கட்டணம், டியூசன் வகுப்பு என்று மாதா மாதம் கை நீள்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு அப்படியே நின்றது. அதைத் தொடர்ந்து 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. கடதாசித் தட்டுப்பாட்டினால் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன, கொப்பியின் விலை பல மடங்காகியது, எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. அந்த இரண்டு மூன்று வருடங்களில் வேலைக்குப் பழகிய பிள்ளைகளில் பலர் வகுப்பறைக்குத் திரும்பி வரவில்லை.

என்றாலும் வறுமையை மட்டுமே காரணமாகச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. ஒரே தெருவில், ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுப் பிள்ளை படிக்கிறது, மற்ற வீட்டுப் பிள்ளை நிற்கிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைச் சற்று ஆழமாக நோக்குவோம்.

"படிப்பு ஏறுதில்ல" என்பது எங்கே ஆரம்பிக்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விடும் பிள்ளையின் பிரச்சினை, அநேகமாக மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்ததாக இருக்கும். அந்த வயதில் பிள்ளை சரளமாக வாசிக்கப் பழகியிருக்க வேண்டும். பழகாத பிள்ளை எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒருவாறு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறது. இலங்கையில் ஒரு வகுப்பில் தேறாவிட்டாலும் பிள்ளை அடுத்த வகுப்புக்கு ஏற்றப்படுவதால் வீட்டாருக்கு எதுவும் தெரிவதில்லை.

ஆறாம் வகுப்பில் நிலைமை மாறுகிறது. அதுவரை ஓர் ஆசிரியை எல்லாவற்றையும் கற்பித்தார். இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். விஞ்ஞானமும் வரலாறும் புதிதாக வருகின்றன. இந்தப் பிள்ளை வாசிக்கும் என்று நினைத்தே ஒவ்வோர் ஆசிரியரும் பாடத்தை ஆரம்பிக்கிறார். வாசிக்கத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? பின் வாங்கில் போய் உட்காரும். கரும்பலகையைப் பார்த்து அப்படியே கொப்பியில் எழுதும். அழகான கையெழுத்தில் கொப்பி நிறைந்திருக்கும், ஆனால் ஒரு வரியும் விளங்கியிருக்காது. ஆசிரியர் எழுப்பி வாசிக்கச் சொல்வார். வகுப்பே சிரிக்கும்.

பிள்ளை பாடசாலையை வெறுப்பது அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான். அதன் பிறகு வயிற்று வலி, தலைவலி என்று சொல்லும். வெள்ளிக்கிழமை போகாது, மழை பெய்தால் போகாது. வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு நாளாகிறது. போகாத நாளின் பாடம் விளங்குவதில்லை, விளங்காத பாடத்துக்கு மறுநாள் போக மனம் வருவதில்லை. இப்படியே ஒன்பதாம் வகுப்பு வருகிறது. ஒரு நாள் காலையில் "எனக்குப் போக ஏலா உம்மா" என்று படுத்து விடுகிறான். நாம் அந்த ஒரு காலையை மட்டுமே காண்கிறோம்.

இதனால்தான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தவறிய பிள்ளையை "நீ எதுக்கும் உதவாதவன்" என்று சொல்வது பெரும் பாவமான காரியம் என்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் அந்தத் தீர்ப்பை அது உண்மையென்றே நம்பி விடுகிறது.

ஆண் பிள்ளையும் கடையும்

நமது சமூகம் வியாபாரச் சமூகம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் "எப்படியும் கடைக்குத்தானே போகப் போகிறான்" என்ற பேச்சு நமது ஆண் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் முறித்து விடுகிறது. பேருவளை மாணிக்க வியாபாரிகளையும் புறக்கோட்டை முதலாளிமாரையும் காட்டி, "அவங்க என்ன ஏ.எல். படிச்சா வந்தாங்க?" என்று கேட்கும் வாப்பாமார் பலர்.

அவர்களுக்கு ஒரு மனிதரை நினைவூட்ட விரும்புகிறேன். பேருவளையைச் சேர்ந்த நளீம் ஹாஜியார் பாடசாலைக் கல்வியை நீண்ட காலம் பெறும் வாய்ப்புக் கிடைக்காதவர். மாணிக்க வியாபாரத்தில் பெரும் செல்வந்தரானார். அந்தச் செல்வத்தைக் கொண்டு 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை உருவாக்கினார். தமக்குக் கிடைக்காத கல்வி பிறர் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பணத்தைச் செலவிட்ட ஒருவரை, கல்வி தேவையில்லை என்பதற்கு உதாரணமாகக் காட்டலாமா? மேலும், அந்தக் காலத்து வியாபாரம் வேறு. இன்று வங்கிக் கணக்கு, வரிப் பத்திரம், கணினி, ஆங்கிலக் கடிதம் இல்லாமல் சிறிய கடையைக்கூட நடத்துவது கஷ்டம். படிக்காமல் கடைக்குப் போகும் பையன்களில் முதலாளியாகிறவன் ஆயிரத்தில் ஒருவன். மற்றவர்கள் நாற்பது வயதிலும் சம்பளத்துக்கு நிற்பவர்களே.

கிழக்கு மாகாணத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை என்ற வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. ராத்தாவின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் வாங்க, பதினாறு வயதுத் தம்பி கொழும்புக்குப் பஸ் ஏறுகிறான். மகளுக்காக மகனின் படிப்பு விற்கப்படுகிறது. சீதனக் கொடுமையைப் பற்றிப் பேசுகிறோம், எழுதுகிறோம். அது மணப்பெண்ணோடு நிற்பதில்லை, அவளது தம்பியின் கொப்பியையும் மூடி விடுகிறது என்பதை நாம் போதியளவு சிந்திக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் வரும் இடைவெளியும் ஆபத்தானது. முன்பு டிசம்பரில் நடந்து வந்த அப்பரீட்சை கொரோனாவின் பின் தள்ளிப் போனது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 மே மாதத்திலேயே நடந்தது. 2022க்குரியது 2023 மே மாதத்தில் ஆரம்பித்தது. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை பல மாதங்கள். "ரிசல்ட் வரும் வரைக்கும் சும்மாதானே இருக்கிறான்" என்று கடையில் சேர்த்து விடுகிறோம். கையில் காசு புழங்குகிறது. கைத்தொலைபேசி வாங்குகிறான், மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டுகிறான். பெறுபேறு வந்து, நன்றாகச் சித்தியடைந்திருந்தாலும் அவன் மீண்டும் வெள்ளைச் சீருடை அணியத் தயாராக இல்லை. அந்த மாதங்களில் ஆங்கில வகுப்புக்கோ கணினி வகுப்புக்கோ அனுப்பி, படிக்கும் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

பெண் பிள்ளைக்குக் கதவு எப்படி மூடப்படுகிறது?

நமது ஊர்ப் பாடசாலைகள் பலவற்றில் பதினோராம் வகுப்பு வரைதான் உண்டு. உயர்தர வகுப்பு, குறிப்பாக விஞ்ஞானப் பிரிவு, பக்கத்து நகரில்தான் இருக்கும். மகன் என்றால் பஸ்ஸில் போ என்கிறோம். மகள் என்றால் "தூரம்" என்கிறோம். நல்ல பெறுபேறு எடுத்தவளின் படிப்பு பஸ் தரிப்பிடத்தோடு முடிகிறது. இதற்கு வழி இல்லாமலில்லை. ஒரே ஊரிலிருந்து ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து ஒரு வேனில் போகலாம். கட்டணத்தைக் குடும்பங்கள் பகிர்ந்து கொள்ளலாம். இதனைப் பேச வேண்டியவர்கள் தாய்மார்களே.

இரண்டாவது, உம்மா வெளிநாடு செல்வது. அடுப்பெரியாத வீட்டுக்காக ஒரு தாய் மத்திய கிழக்குக்குச் செல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் விமானம் ஏறும் நாளில், வீட்டிலுள்ள மூத்த மகள் பன்னிரண்டு வயதில் தாயாகி விடுகிறாள். அவளது வரவு இடாப்பில் வெற்றுக் கட்டங்கள் விழத் தொடங்குவது அன்றுதான். போவதற்கு முன், "என்ட மகள் ஒரு நாளும் பாடசாலை நிற்கக் கூடாது" என்று உம்மும்மாவிடமோ சாச்சியிடமோ பொறுப்புக் கொடுத்து விட்டே போக வேண்டும்.

மகளையே அனுப்பும் கொடுமையும் நடந்திருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றபோது அவருக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்த வழக்கில், 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வறுமை அந்தப் பிள்ளையை அனுப்பியது. வயதை மாற்றி எழுதிய பேனாவைப் பிடித்தவர்கள் மனிதர்களே. பதினேழு வயதுப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் வகுப்பறை என்பதை அந்த ஜனாஸா நமக்குச் சொல்லாவிட்டால் வேறு எது சொல்லும்?

மூன்றாவது, திருமணப் பேச்சு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது அதில் மணப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயதெல்லை வைக்கப்படவில்லை. ஏனைய சமூகத்தவருக்கு 1995இல் 18 வயது என்று ஆக்கப்பட்டது. நமது சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அது பற்றிய வாதப் பிரதிவாதங்கள் ஒருபுறமிருக்கட்டும். உங்கள் மகளின் விடயத்தில் தீர்மானம் உங்கள் வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. படிப்பை முடிக்கும் வரை நிக்காஹ் வேண்டாம் என்று சொல்ல எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கணவர் மௌத்தானால், அல்லது வாழ்க்கை முறிந்தால், பிள்ளைகளோடு வாசலில் நிற்கும் பெண்ணுக்குக் கையில் ஒரு சான்றிதழ் இருப்பதும் இல்லாதிருப்பதும் எவ்வளவு வித்தியாசம் என்பதை உங்கள் தெருவிலேயே கண்டிருப்பீர்கள். நுண்கடன் கம்பனியின் கடதாசியை வாசிக்காமல் கையொப்பமிட்டு, தவணைக்குத் தவணை கண்ணீர் விடும் பெண்களையும் கண்டிருப்பீர்கள்.

மத்ரஸாவா, பாடசாலையா?

அரபுக் கல்லூரியில் ஓதிய ஒருவன் என்ற வகையில் இதனை நான் சொல்லாமல் விட முடியாது. ஆறாம், ஏழாம் வகுப்பில் படிப்பு ஏறாத பிள்ளையை "ஓதவாவது போடுவோம்" என்று மத்ரஸாவில் சேர்க்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. பாடசாலையில் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை மத்ரஸாவிலும் சிரமப்படும். ஒன்றிரண்டு வருடங்களில் அங்கிருந்தும் திரும்பி விடும். அப்போது அதன் வயதுக்குரிய வகுப்பில் சேரவும் முடியாது, சின்ன வகுப்பில் உட்கார வெட்கம். இரண்டு வாசல்களும் மூடி விடுகின்றன.

விருப்பத்தோடும் திறமையோடும் ஹிப்ழு செய்யப் போகும் பிள்ளைக்கு முபாரக். ஆனால் சேர்க்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே சாதாரண தரப் பரீட்சைக்கும் படிப்பிக்கிறீர்களா?" இரண்டையும் சேர்த்து நடத்தும் நிறுவனங்கள் நம் நாட்டில் உள்ளன. பத்ரில் பிடிபட்ட கைதிகளுள் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாறு நமக்குத் தெரியும். அந்த ஆசிரியர்கள் அப்போது முஸ்லிம்களும் அல்லர். அந்த உம்மத்தின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தேவையில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

ஆங்கிலேயர் காலத்தில் மதமாற்றத்துக்கு அஞ்சி நமது முன்னோர் மிஷனரிப் பாடசாலைகளிலிருந்து ஒதுங்கி நின்றார்கள். அந்தத் தேக்கத்தை உடைக்கவே அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1892இல் மருதானையில் பாடசாலையை ஆரம்பித்தோருள் முன்னின்றார். பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அன்று நம்மைத் தடுத்தது அச்சம். இன்று தடுப்பது நமது அலட்சியம்.

தாய் கவனிக்க வேண்டியவை

நீங்கள் அதிகம் படிக்காதவராக இருக்கலாம். அது தடையே அல்ல. இவற்றைச் செய்யப் பட்டம் தேவையில்லை.

1. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் வீட்டிலுள்ள பத்திரிகையைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறினால், அதே மாதம் ஆசிரியையைச் சந்தியுங்கள். காத்திருக்க வேண்டாம்.

2. கொப்பியில் திகதிகளைப் பாருங்கள். இடையில் நாட்கள் விடுபட்டிருந்தால் ஏனென்று கேளுங்கள்.

3. பிள்ளை மாதத்தில் எத்தனை நாள் போகவில்லை என்று கலண்டரில் அடையாளமிடுங்கள். நான்கு, ஐந்தைத் தாண்டினால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். விருந்து, கல்யாண வீடு, வீட்டு வேலை என்று நாமே நிறுத்தி வைத்த நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

4. "போக மாட்டேன்" என்றால் அடிக்க வேண்டாம். யாராவது ஏசினார்களா, சிரித்தார்களா, சப்பாத்துக் கிழிந்து விட்டதா என்று ஆறுதலாகக் கேளுங்கள். பணம் கட்டாததற்காக வகுப்பில் எழுப்பி நிற்க வைத்திருந்தால், அதிபரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள்.

5. வாப்பா எட்டத்தில் இருந்தாலும் முன்னேற்ற அறிக்கையை அவருக்குக் காட்டுங்கள். வாப்பா கேட்கிறார் என்பதே பிள்ளைக்கு ஒரு பிடிமானம்.

ஏற்கெனவே நின்றுவிட்ட பிள்ளைக்கு

உங்கள் பிள்ளை இதற்குள் நின்றுவிட்டதா? மனம் தளர வேண்டாம். பாடசாலை வயதில் உள்ள பிள்ளையைத் திரும்பச் சேர்க்க அதிபரிடமோ, வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவரிடமோ பேசுங்கள். சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறினால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் எழுதலாம். ஒரு பாடத்துக்காக ஓர் ஆயுளை விட்டுக்கொடுப்பது அநியாயம். 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் தொழிற்கல்விப் பாடங்களோடு படிப்பைத் தொடர வழி செய்தது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் மின்னிணைப்பு, குளிரூட்டி திருத்துதல், தையல் போன்ற பயிற்சிகளைப் பெற்று, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அந்தத் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இரத்மலானையில் 2008இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழிற்தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வரை அந்தப் பாதை போகிறது. சான்றிதழ் இல்லாமல் வெளிநாடு செல்பவன் கூலியாளாகச் செல்கிறான், சான்றிதழோடு செல்பவன் தொழிலாளியாகச் செல்கிறான். சம்பளத்தில் அது தெரியும்.

நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதில் பங்கெடுக்க வேண்டும். மஹல்லாவில் யார் யார் பாடசாலைக்குப் போகவில்லை என்று ஒரு பட்டியல் எடுப்பது பெரிய வேலையல்ல. ஒரு பிள்ளைக்குச் சப்பாத்தும் பஸ் கட்டணமும் கொடுப்பது பெரிய செலவும் அல்ல. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய பெயர்களை நிர்வாகத்தார் வீடு வீடாகத் தேடுவதற்கு முன்பே நீங்கள் அறிவீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று நாளாகப் பாடசாலைக்குப் போகவில்லை என்பது உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

ஆகவே சகோதரிகளே, நாளைக் காலையில் எட்டு மணிக்குப் பிறகு உங்கள் தெருவை ஒரு முறை பாருங்கள். பாடசாலை நேரத்தில் வெளியே நிற்கும் ஒரு பிள்ளையைக் கண்டால், "ஏன் மகன் இன்றைக்குப் போகல்ல?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்காததனாலேயே பல பிள்ளைகள் நின்றுபோயிருக்கிறார்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைக் கொடுத்து, அதனை இடையில் முறிக்கும் கைகளாக நம் கைகள் ஆகாமல் காப்பானாக.